அசனத்துக்கு இழுத்த ஒயர்

தேவசிகாமணியின் மாவு மில்லில் பெரிய மோட்டாரை ஓடவிட்டால் சீவலப்பேரி போகிற டவுன் பஸ்ஸின் முகப்பு விளக்கு மங்கும் என்று சொல்வார்கள். பஸ்ஸுக்குத் தனி பேட்டரி இருக்கிறதே, அது எப்படி மங்கும் என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூரில் யாரும் கேட்பதில்லை. மோட்டார் ஓடும் நேரம் மூன்று தெருவுக்கு மின்விசிறிகள் இறக்கையை எண்ணிப் பார்க்கிற வேகத்தில்தான் சுற்றும். விளக்கெல்லாம் செத்துப் போவதால் கோழிகள் பொழுது அடைந்துவிட்டது என்று கூட்டுக்குள் போய்விடும். ஒரே நாளில் இரண்டு தடவை அடைந்து இரண்டு தடவை விடிந்ததால் அந்தத் தெருக் கோழிகள் நாளுக்கு இரண்டு முட்டை இட்டன என்பதும் பதிவான விஷயம்தான். பதிவு செய்து வைத்திருப்பவர் டீக்கடை முத்துமாலை.

இத்தனை பெரிய மோட்டாருக்குச் சொந்தக்காரர் எதற்கும் அஞ்சாதவராக இருப்பார் என்று தோன்றும். தேவசிகாமணி அஞ்சுவதில் பெயர் எடுத்தவர். வயது அறுபத்திரண்டு. சபைக் கமிட்டியில் மூன்றாம் முறையாக இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர். நாய் குரைத்தாலும் பயப்படுவார், தபால்காரர் மில் வாசலில் வண்டியை நிறுத்தினாலும் பயப்படுவார், மனைவி இன்பமணி பேசாமல் இருந்தாலும் பயப்படுவார். இன்பமணி தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு பயம் குறைந்து அவர் கொஞ்சம் தெம்பாக இருந்த வியாழக்கிழமை காலையில்தான் மருமகள் கெசியா வந்து சொன்னாள்.

“மாமா, நாளைக்கு மில்லப் பாக்க ஆள் வாராக. நான்தான் போன்ல எழுதிப் போட்டேன்.”

“என்னத்தம்மா எழுதிப் போட்ட?”

“கரண்டு மிச்சம் பண்ணுத திட்டம் மாமா. பாளையங்கோட்டையில ரொட்டிக்கடை, மேலப்பாளையத்துல தறி, எல்லாத்தையும் வந்து பாத்திருக்காக. வீடுகளையும் பாக்காக. எது எவ்வளவு கரண்டு இழுக்குன்னு சொல்லி, பழைய மோட்டார மாத்திக்கவும் உதவி செய்வாகளாம்.”

“நம்ம மோட்டாருக்கு என்ன கொற?”

“ஒரு கொறயும் இல்ல. அது ஓடும்போது பிள்ளைக்குப் பால் காய்ச்ச கரண்டு அடுப்புல வச்சா, பால் அப்படியே உக்காந்து என்னப் பாக்கும். அவ்வளவுதான்.”

கெசியா பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர். பிரசவ விடுப்பில் இருந்தாள். கணவன் மெர்வினுக்குக் கோயம்புத்தூரில் வேலை. எட்டு மாதக் குழந்தை ஸ்டெபி இடுப்பில் இருந்துகொண்டு தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை எட்டிப் பிடித்தது.

“எந்த ஒயர் எங்கன போகுதுன்னெல்லாம் பாப்பாகளோ?” என்று கேட்டார் தேவசிகாமணி.

“சூட்டக் காட்டுத கேமரா ஒண்ணு வச்சிருக்காகளாம். சுவத்துக்குள்ள இருக்கதக்கூடக் காட்டிருமாம். நல்லதுதான மாமா.”

அவருக்கு உள்ளங்கால் குளிர்ந்தது.

மில்லில் மூன்று இயந்திரங்கள். அரிசிக்கு ஒன்று, கோதுமைக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று. முதல் இரண்டும் மீட்டரில் ஓடின. மூன்றாவது கிருபையில் ஓடியது.

அது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய காரியம். கோயில் பண்டிகைக்கு அசனம் வைத்தார்கள். சபை முழுவதும், பக்கத்துச் சபைகளும், வழியில் போகிறவர்களும் கோயில் வளாகத்தில் பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஆட்டுக்கறிச் சோறுதான் அசனம். அந்த வருஷக் கூட்டத்தில் கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போது முதல் பந்தியில் சாப்பிட்டவர்களுக்கு மறுபடி பசித்துவிட்டது. மிளகாய் அரைத்துக் கொடுக்கும் பொறுப்பு தேவசிகாமணிக்கு. வாங்கியிருந்த இணைப்பு மூன்று இயந்திரத்தைச் சேர்ந்தாற்போலத் தாங்கவில்லை. ஒயர்மேன் ஒருவன் கூரைமேல் ஏறி, போஸ்டிலிருந்து வருகிற லைனில், மீட்டருக்கு முன்னாலேயே ஒரு ஒயரைப் பிடித்து, மில்லுக்கும் வீட்டுக்கும் பொதுவாக நிற்கிற சுவருக்குள் இறக்கி, மிளகாய் இயந்திரத்துக்குக் கொடுத்தான். மூன்று நாளைக்கு என்று பேச்சு. நாலாம் நாள் அவன் சவுதிக்குப் போய்விட்டான்.

கழற்றியிருக்கலாம். ஆனால் கோயில் காரியத்துக்கென்று இழுத்ததை மனுஷன் கழற்றலாமா என்று தேவசிகாமணிக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனைக்கு மரியாதையாக ஒவ்வொரு வருஷமும் அசனத்து மிளகாயைச் சும்மாவே அரைத்துக் கொடுத்தார். ஆகவே அது காணிக்கை ஒயர். மற்ற நாளெல்லாம் அதில் ஊர் மிளகாய் அரைபட்டது, காணிக்கையாக வந்த ஒயர் வேலையில்லாமல் கிடந்து கெட்டுப் போகக் கூடாதே என்பதற்காக. இதை அவர் ஜெபத்தில் பல தடவை ஆண்டவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். ஆண்டவர் மறுத்துப் பேசியதில்லை.

ஆண்டவர் வேறு, கேமரா வேறு. அதிலும் ஒரு வருஷமாகச் சுவரில் ஓரிடம், மிளகாய் அரைக்கும் நாளில் கைவைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. அங்கேதான் ஒயர்மேன் இரண்டு ஒயரை முறுக்கி ஒட்டுப் போட்டு மேலே பூசியிருந்தான். மார்கழிப் பனியில் தெருப் பூனைகள் ஒன்பது அந்த இடத்தில் முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்திருந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

விவரம் கேட்க முத்துமாலையின் டீக்கடைக்குப் போனார். உலகத்தில் நடக்கிறதும் நடக்காததும் முத்துமாலைக்குத் தெரியும்.

“சூட்டப் பாக்குத கேமராவா? எனக்குத் தெரியாமலா இருக்கும்வே,” என்றார் முத்துமாலை. “மேலப்பாளையத்துல மஹ்மூதா பீவி வீட்டுல வச்சுப் பாத்திருக்கான். வெறுஞ்சுவத்துல செவப்பா ஒரு சட்டி தெரியுது. என்னன்னு கேட்டா, போன பெருநாளைக்கு அங்கன அடுப்பு இருந்திருக்கு. அடுப்ப எடுத்து, பூசி, வெள்ளையும் அடிச்சாச்சு. சூடு போகலியே. சட்டிக்குள்ள கறி எத்தன துண்டுன்னு எண்ணிச் சொல்லிட்டான்.”

“பழைய சூடுகூடவா தெரியும்?”

“ஆறு மாசத்துச் சூடு தெரியும். அதுக்கு முந்தினதுன்னா கொஞ்சம் மங்கலா இருக்கும்.”

தேவசிகாமணி டீத் தம்ளரைத் தள்ளி வைத்தார். “சுவரு ஈரமா இருந்தா?”

“ஈரமா இருந்தா அதுக்குக் கண்ணு மறைச்சிரும். ஏன்வே கேக்கீரு?”

“சும்மா.”

“சும்மா கேக்கவரு டீயில ஏன் தண்ணிச் செம்பக் கவுத்துதீரு?”

பார்த்தால், உண்மையாகவே கவிழ்த்திருந்தார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவருக்கு முன்னால் ஒரு ஜீப் போய்க்கொண்டிருந்தது. நிஜ ஜீப் அல்ல. மில் கதவில் அரக்கு முத்திரை வைக்கிற ஆட்கள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேதபாடம் வாசிக்க அவர் எழுந்தார், கடைசி பெஞ்சில் யாரோ இருமினார்கள். அந்த இருமலை அவர் வியாழக்கிழமை பதினோரு மணிக்கே தெளிவாகக் கேட்டார். ஒயரைக் கழற்றிவிடலாம் என்றால், கூரைமேல் உயிரோடு இருக்கிற லைன். அவருக்கு மின்சாரத்தைவிட நல்லபாம்பு தேவலை. ஆளைக் கூப்பிட்டால் விஷயம் வெளியே போகும். முப்பது வருஷ மில்லும், அறுபத்திரண்டு வருஷப் பெயரும் ஒரு சுவருக்குள் முறுக்கிக் கிடந்தன.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மில்லுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மிளகாய் இயந்திரத்தைச் சாக்கால் மூடினார். ரப்பர் குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் மாட்டி, சுவரின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் விட்டார். சுண்ணாம்பும் மண்ணும் வைத்துக் கட்டின பழைய சுவர். குடித்தது. இன்னும் விட்டார். இன்னும் குடித்தது. ஒரு தொட்டி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவர் ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அதற்கும் பயந்தார். கையால் தடவிப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பும் இருந்தது. பயத்தில் உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். காலில் ரப்பர் செருப்பு போட்டிருந்தார் என்பதை அவர் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். பிரியதர்ஷினி என்ற இன்ஜினீயர், முப்பது வயதிருக்கும். கூடவே பெட்டி தூக்கிக்கொண்டு இசக்கிமுருகன் என்ற டெக்னீஷியன். ஜீப்பில் வரவில்லை, ஸ்கூட்டரில் வந்தார்கள். தேவசிகாமணிக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

“அண்ணாச்சி, பெரிய மோட்டாரப் போடுங்க,” என்றாள் பிரியதர்ஷினி.

போட்டார். தெருவில் கோழிகள் கூட்டுக்குப் போயின.

“எரிஞ்சு போயி எத்தன தடவ காயில் கட்டினது இது?”

“அஞ்சு.”

“அதுல மோட்டார் பாதி, பிடிவாதம் பாதிதான் மிச்சம் இருக்கு,” என்றான் இசக்கிமுருகன்.

“பெல்ட்டும் தொளதொளன்னு இருக்கு,” என்றாள் அவள். “புதுசு ஒண்ணு போட்டா இதே மாவு அரையும், கரண்டு மூணுல ஒரு பங்கு மிச்சமாகும். வாங்குததுக்குத் திட்டத்துல உதவி உண்டு. லைட்டையும் மாத்திரலாம்.”

நல்ல மாதிரியாகப் பேசினாள். நல்ல மாதிரியாகப் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இரட்டிப்புப் பயம். அவள் பெட்டியைத் திறந்து கேமராவை எடுத்தாள். கைக்கு அடக்கமான சாமான். அதன் சின்னத் திரையில் மோட்டார் சித்திரை மாதத்துச் சூரியன் மாதிரி வெள்ளையாக எரிந்தது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, படத்துல விழுதீங்க.”

எட்டிப் பார்த்தார். திரையில் அவர் முகம் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. மூக்கு மட்டும் நீலம்.

“அது என்னம்மா, மூக்கு?”

“குளுந்திருக்கு. பயந்தா மூக்கு குளுந்திரும்னு படிச்சிருக்கேன்.”

“எனக்குச் சளி,” என்றார் தேவசிகாமணி.

அவள் மோட்டாரை அமர்த்தச் சொன்னாள், அமர்த்தினார். கேமரா பைய நகர்ந்தது. ஸ்விட்ச் பலகையைப் பார்த்தது. கூரையைப் பார்த்தது. சுவருக்கு வந்தது. அவர் மூச்சை நிறுத்தினார். எவ்வளவு நேரம் நிறுத்தினார் என்றால், அரிசி அரைக்க வந்த விஜயஸ்ரீ என்ற பெண் தூக்குவாளியை இறக்கி வைத்து, மில் நின்றிருப்பதைப் பார்த்து, திரும்பிப் போய், இன்னொரு மில்லில் அரைத்துவிட்டு வரலாம். திரையில் சுவர் மேலிருந்து கீழ்வரை கருநீலமாக இருந்தது. சிவப்பு இல்லை, புள்ளிகூட இல்லை.

“சுவரு ஏன் இவ்வளவு ஈரம்?”

“மாவுத்தூசி. கழுவிவிட்டேன்.”

அவள் சுவரை ஒரு தடவை பார்த்தாள், அவரை ஒரு தடவை பார்த்தாள், தாளில் என்னவோ எழுதினாள். கேமரா அடுத்த சுவருக்குப் போய்விட்டது. தேவசிகாமணி சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தார். தப்பித்தாயிற்று. ஒரு டீ சொல்லலாமா என்று வாயெடுத்தார்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கெசியாவின் குரல் வந்தது.

“மாமா, இங்கன கொஞ்சம் வாங்களேன். பீரோவத் தொட்டா சுருக்குங்குது. தரையெல்லாம் வேற தண்ணியா கெடக்கு.”

அந்தப் பக்கம் படுக்கையறை. இரும்பு பீரோ அதே சுவரில் சாய்ந்து நின்றது. பீரோவுக்கும் மரக்கட்டிலுக்கும் நடுவில் உத்திரத்திலிருந்து சேலைத்தொட்டில் தொங்கியது. தொட்டிலில் ஸ்டெபி தூங்கிக்கொண்டிருந்தது. அவர் ஊற்றின தண்ணீர் சுவரைத் தாண்டி, சுவருக்குள் பிசுபிசுத்துக் கிடந்த ஒட்டையும் தாண்டி, பீரோவின் காலடியில் வந்து தேங்கி நின்றது.

எல்லோரும் அறை வாசலுக்கு ஓடினார்கள். கெசியா வாசற்படியில் செருப்போடு நின்று கையை உதறிக்கொண்டிருந்தாள்.

“தொடாதீங்கக்கா,” என்றாள் பிரியதர்ஷினி. “அப்படியே நில்லுங்க. இசக்கி, மெயின அமத்து. மில்லு, வீடு ரெண்டையும்.”

இசக்கிமுருகன் ஓடினான். டப்பென்று இரண்டு சத்தம். மின்விசிறி தயங்கி நின்றது. காற்று நின்றதும் குழந்தை விழித்து அழுதது. கால் உதைத்தது. தொட்டில் ஆடி, பீரோவின் பக்கம் போய், ஒரு சாண் தூரத்தில் திரும்பி வந்தது.

“ரெண்டும் ஆஃப்,” என்று மில்லிலிருந்து கத்தினான் இசக்கிமுருகன். “இனி பயமில்ல, தொடலாம்.”

பிரியதர்ஷினி டெஸ்டரைத் தேடிப் பைக்குள் கையை விட்டிருந்தாள். கெசியா அதற்குக் காத்திருக்கவில்லை. ஈரத்தில் வழுக்கும் என்று செருப்பைக் கழற்றி வாசலிலேயே போட்டாள். வெறுங்காலைத் தூக்கினாள்.

அந்த வீட்டில் ஒரே ஒரு மனுஷனுக்குத்தான் தெரியும், மெயினை அமர்த்தினாலும் அந்தச் சுவர் அமராது என்று.

தேவசிகாமணி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஜீப் வந்து நின்றது, அரக்கு உருகியது, கடைசி பெஞ்சு இருமியது. எல்லாம் வந்தது, குரல் மட்டும் வரவில்லை. கெசியாவின் கட்டைவிரல் தண்ணீருக்கு நாலு விரற்கடை மேலே இருந்தபோது அவர் அவள் முந்தானையைக் கையால் எட்டிப் பிடித்து, கோணிச் சாக்கை இழுக்கிற மாதிரி பின்னால் இழுத்தார். இரண்டு பேரும் வாசலுக்கு வெளியே மல்லாந்து விழுந்தார்கள்.

“மாமா, பிள்ள உள்ள கெடக்கு. விடுங்க.”

“கால வைக்காத. அது மெயின்ல வரல.”

“அதான் அமத்தியாச்சுல்லா?”

“அது மெயின்ல வரலட்டி. போஸ்ட்லேருந்து வருது. நான் களவா இழுத்தது. சுவத்துக்குள்ள கெடக்கு. நான்தான் தண்ணிய ஊத்தினேன்.”

குழந்தை அழுதது. தொட்டில் பீரோவின் பக்கம் போனது, வந்தது. பிரியதர்ஷினி ரப்பர் கையுறையை மாட்டினாள். இசக்கிமுருகன் மில்லிலிருந்து காய்ந்த மரப்பலகை இரண்டைத் தூக்கி வந்து, ஒன்றைத் தரையில் கட்டில்வரை போட்டான். இன்னொன்றைக் கையில் நீட்டிப் பிடித்து, தொட்டில் பீரோவின் பக்கம் போகாமல் தடுத்தான். அவள் ஒரு காலுக்குப் பின் ஒரு காலாகப் பலகையில் நடந்து, கட்டில்மேல் ஏறி, அதில் நின்றபடியே குனிந்து குழந்தையை எடுத்தாள். வந்த வழியே திரும்பி வந்தாள். ஐந்து எட்டு வைக்கிற தூரம். தேவசிகாமணிக்கு அது சீவலப்பேரியிலிருந்து பாபநாசம்வரை நடக்கிற தூரமாக இருந்தது. ஒவ்வொரு எட்டையும் அவரும் சேர்ந்து நடந்தார்.

கெசியா குழந்தையை வாங்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டாள்.

பிரியதர்ஷினி வாசலில் நின்று ஒரு நீளக் கம்பு முனையில், பக்கத்தில் கரண்டு இருந்தாலே எரிகிற பேட்டரி டெஸ்டரைக் கட்டி பீரோவில் வைத்தாள். மெயின் அமர்ந்து இருண்டு கிடந்த வீட்டில் அது பிரகாசமாக எரிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அவள் கம்பை இறக்கி வைத்தாள். மின்சார ஆபீசுக்குப் போன் பண்ணினாள்.

லைன்மேன் வருகிறவரை மில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணாச்சி, நான் கரண்டு மிச்சம் பண்ணச் சொல்லிக் கொடுக்க வந்தவ. ஆள் பிடிக்க வந்தவ இல்ல,” என்றாள் பிரியதர்ஷினி. “ஆனா இத எழுதாம என்னால போக முடியாது.”

“எழுதும்மா.”

“எத்தன வருசமா இருக்கு?”

“பன்னெண்டு.”

“எதுக்கு இழுத்தது?”

தேவசிகாமணி பதில் சொல்ல வாயைத் திறந்தார். பன்னிரண்டு வருஷமாக ஆண்டவரிடம் சொல்லிப் பழகின பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைப் பார்த்தார். அப்படியே விழுங்கினார்.

“மிளகா அரைக்க,” என்றார். “சும்மா கெடைக்குதேன்னு.”

அவள் எழுதிக்கொண்டாள்.

லைன்மேன் போஸ்டில் ஏறி ஒயரை எடுத்தார். பிரியதர்ஷினி மறுபடி டெஸ்டர் கம்பை எடுத்தாள். இரண்டு தடவை, மூன்று தடவை வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. அறைத் தண்ணீரைச் சாக்குப் போட்டு ஒற்றி எடுத்தார்கள். பிறகு எல்லோரும் வாசலில் நின்றார்கள். உள்ளே போக யாருக்கும் கால் எழவில்லை. தேவசிகாமணி செருப்பைக் கழற்றினார். ஈரத்தில் வெறுங்காலோடு நடந்து போய், கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைப் பீரோவில் வைத்தார்.

வெறும் இரும்பு. குளிர்ந்து கிடந்தது.

திரும்பிப் பார்த்தார். கெசியா குழந்தையோடு வாசலில் வந்து நின்றிருந்தாள். நேற்றுத் தாத்தாவின் கண்ணாடிக்குத் தாவின ஸ்டெபி இப்போதும் கையை நீட்டியது. கெசியா அதை மற்ற தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“வேற எங்கயாவது இருக்கா மாமா?”

“இல்லம்மா.”

“அடுப்படியில?”

“சத்தியமா இல்ல.”

கெசியா பிரியதர்ஷினியிடம் திரும்பி, “வீட்டயும் பாப்பீகள்லா. முழுசும் பாத்துருங்க,” என்றாள்.

மெயினைப் போட்டார்கள். கேமரா முன்னால் போனது. அடுப்படி, குளியலறை, நடுவீடு என்று அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து வர, தேவசிகாமணி பின்னாலேயே போனார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் பிரியதர்ஷினி சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனாலும் ஒவ்வொரு சுவிட்சிலும் கை வைக்கும் முன், கெசியா திரும்பி மாமனாரின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.